கோணக்காட்டுவலசு கேபிளைச் சரிசெய்த கதை

கோணக்காட்டுவலசில் மூளைக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை, ஏனென்றால் யாரும் அதைச் செலவு செய்ததில்லை. அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்குச் செயலாளர் நாச்சிமுத்து. ஊரிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கும் மெஷின் இருந்தது. மெஷின் பழசு, கம்ப்யூட்டர் புதுசு. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு யுஎஸ்பி சீரியல் அடாப்டர் கேபிள். ஒருநாள் கம்ப்யூட்டர் அந்த அடாப்டரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் சீட்டு அச்சாகவில்லை. பத்து நாள் நாச்சிமுத்துவே பாலை நாக்கில் வைத்துப் பார்த்துக் கொழுப்பு அளவைக் கையால் எழுதிச் சமாளித்தார். பதினோராம் நாள், பால் ஏற்றிப்போக வரும் வேன்காரர் கையெழுத்துச் சீட்டை வாங்க மறுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில மெஷின் சீட்டு கையில வரலீன்னா, சொசைட்டியை மூடிட்டு எல்லாரும் மேட்டுவலசுல போய் ஊத்தோணுமுங்க. மேலிடத்து உத்தரவு."

பக்கத்து ஊரான மேட்டுவலசின் சொசைட்டிச் செயலாளர் நாச்சிமுத்துவின் மச்சான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பத்து வருஷம். அந்த ஆள் முன்னால் பால் தூக்குப்போசியோடு வரிசையில் நிற்பதா!

கம்ப்யூட்டரில் ஓடியது ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று கேள்விப்பட்டதும் சொசைட்டித் தலைவர் ராக்கியண்ணன் திருப்புளியோடு வந்து நின்றார். நாச்சிமுத்து அவரைத் தடுத்து உட்காரவைத்துவிட்டு, அந்த அடாப்டரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் நிரலைப் பராமரிக்கும் யாழரசி என்ற பெண்ணுக்குக் கோயம்புத்தூருக்கு மெயில் போட்டார்.

"திரையில் தெரிவதை ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

எழுதினார்கள். நான்கு வரி ஆங்கிலம், மூன்றாவது வரிமேல் ஓர் ஈ, பின்னணியில் பிரதிபலிக்கும் நாச்சிமுத்துவின் முகம், அதற்கும் பின்னால் ஓடாத ஃபேன்.

"ஈ எந்திரிச்சுப் போயிருச்சுங்க. இன்னொரு மெயில் போடோணுமுங்களா?" என்று கேட்டார் பால் அளக்கும் சென்னியப்பன். போட்டார்கள். ஈ ஏழு தடவை வந்து போனது.

யாழரசி பொறுமைசாலி. "கடைசியாக வேலை செய்த நாளுக்குப் பிறகு என்னென்ன மாறியது என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கி, ஒவ்வொரு தடவையும் அடாப்டரைக் கழற்றிச் சொருகிப் பாருங்கள்" என்று எழுதினாள்.

பட்டியல் முப்பத்தேழு வரி வந்தது. சொசைட்டிச் சுவருக்குப் பச்சை அடித்திருந்தார்கள், சுரண்டினார்கள். சொருகினார்கள். ஓடவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ராக்கியண்ணனின் மருமகளை அவசரமென்று பஸ் ஏற்றி வரவழைத்தார்கள். சொருகினார்கள். ஓடவில்லை. மருமகள் பேசியதை இங்கே எழுத முடியாது.

"செயலாளர் பழனிக்குப் போய் மீசையை எடுத்துட்டாருங்களே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் சென்னியப்பன்.

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "கரியில வரை. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியப்போகுது?"

வரைந்தார்கள். அப்போதும் ஓடவில்லை.

"சரி, மெஷின் ஓடுனப்ப நம்மூரு மாடெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"நம்ம பக்கம் புல்லு இல்லீன்னு மேட்டுவலசுக் காட்டுல கட்டியிருந்தோமுங்க. மழை பேஞ்சதுக்கப்புறந்தான் ஓட்டியாந்தோம்."

"அப்பத் திரும்ப ஓட்டு."

"மறுபடியும் அங்கயா? என்ற மச்சான் ஊருக்கா?" என்று துடித்தார் நாச்சிமுத்து.

"சொசைட்டி முக்கியமா, உன்ற ரோஷம் முக்கியமா?"

சொசைட்டிதான் முக்கியம். ஒரு கன்றுக்குட்டி பாக்கியில்லாமல் ஓட்டிவிட்டார்கள். சொருகினார்கள். ஓடவில்லை.

வியாழக்கிழமை, நாச்சிமுத்து அனுப்பிவைத்த பட்டியலின் கடைசி வரியைப் படித்துவிட்டு யாழரசியே போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, சிஸ்டத்தை அப்டேட் பண்ணீங்களா?"

"ஆமாங்க, அழுத்தச் சொல்லுச்சு, அழுத்துனேன். சின்ன விஷயந்தானுங்களே, அதான் கடைசியில எழுதுனேன்."

யாழரசி உடனே நிரலைத் திறந்து பார்த்தாள். புதுப் பதிப்பில் டிரைவரின் பட்டியலிலிருந்து இவர்களுடைய அடாப்டரின் எண் விட்டுப்போயிருந்தது. அவள் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து அதை ஏற்றி, அடாப்டரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். செயலாளரின் மீசை தலைவரின் சட்டைக்கு மாறியது.

மாடுகளைத் திரும்ப ஓட்டிவரச் சொல்லி யாழரசி எழுதவில்லை. அதனால் யாரும் ஓட்டிவரவில்லை.

வேன் வந்து நின்றது. "உங்க ஊருப் பாலை இப்பத்தான் மேட்டுவலசுல ஏத்தீட்டு வாரேன். இங்க என்ன இருக்குது?" என்றார் வேன்காரர்.

"நீங்க கேட்ட சீட்டு இருக்குதுங்க" என்று நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காலிப் பாத்திரத்தை மெஷினில் வைத்தார். மெஷின் கிறுகிறுவென்று ஓடிச் சீட்டைத் துப்பியது. பால் பூஜ்யம். கொழுப்பு பூஜ்யம். தண்ணீர் பூஜ்யம்.

சென்னியப்பன் அதை வாங்கிப் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"தலைவருங்களே, சொசைட்டி ஆரம்பிச்ச நாள்ல இருந்து நம்ம ஊர்ச் சீட்டுல தண்ணி பூஜ்யம்னு வந்தது இன்னிக்குத்தானுங்க!"