ஒருவர் மட்டும் போகலாம்

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் டயாலிசிஸ் பிரிவுக்குப் பொறுப்பு நர்ஸ் பேராச்சி. எந்த மதத்துப் பண்டிகை எப்போது வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ட்யூட்டி போட்டுப் போட்டு அலுத்துப்போனதில் வந்த ஞானம் அது.

அவளுக்குக் கீழே மூன்று டெக்னீஷியன்கள். மைதீன் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் போவான். செல்வின் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவான். இருவருடைய நோயாளிகளையும் அந்நேரம் சேர்த்துப் பார்ப்பவன் எழில்வேந்தன். அவனுக்குச் சாமி கிடையாது. "ஒனக்கென்னப்பா, எந்தக் கோயிலுக்குப் போகணும்?" என்று சொல்லியே பேராச்சி அவனைத் தீபாவளிக்கும் போட்டாள், பொங்கலுக்கும் போட்டாள். அவனும் முகம் சுளித்ததில்லை.

அந்தப் பிரிவில் எப்போதும் மூன்று பேர் நிற்க வேண்டும். ஒருவர் வெளியே போனால் எண்ணிக்கைக்குப் பேராச்சி வந்து நிற்பாள். இருவர் போக வழியே இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. நண்பகலில் சர்ச்சில் மூன்று மணி நேர ஆராதனை. அதே நேரத்தில்தான் ஜும்மாவும். பேராச்சி வேறு பிரிவிலிருந்து ஓர் ஆளைக் கேட்டு வைத்திருந்தாள். அன்று காலையில் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எழில்வேந்தன் வந்து நின்றான்.

"சிஸ்டர், மதியம் நான் வீட்டுக்குப் போகணும்."

"நீயுமா?"

"அப்பா செத்து இன்னைக்கு ஒரு வருசம். நாங்க திவசம் எல்லாம் கொடுக்க மாட்டோம். அவரு போன நேரத்துல அம்மா தனியா இருக்க வேண்டாம்னு தங்கச்சி மதுரையிலேர்ந்து வாரதா இருந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சலாம், வரல."

மைதீனோடு பக்கத்தில் நின்ற செல்வின் தலை குனிந்து சொன்னான்: "சிஸ்டர், இன்னைக்கு மூணாவது சிலுவைமொழியை நான்தான் பேசணும். இயேசு சிலுவையில தொங்கிக்கிட்டே தன் தாயைச் சீடன்கிட்ட ஒப்படைக்கிற இடம். சபையில வாக்குக் கொடுத்துட்டேன். வருசத்துக்கு ஒரு நாள்தானே!"

மைதீன் எடுத்து வைத்திருந்த தொழுகைத் தொப்பியைப் பைக்குள் திரும்ப வைத்தான். பிறகு, "நோயாளிய விட்டு நகர முடியாதவனுக்கு ஜும்மா கடமை இல்ல. நான் இங்கேயே ஒரு மூலையில தனியா மதியத் தொழுகை, லுஹர், தொழுதுக்கிறேன். என் இடத்தை எழிலுக்குக் கொடுங்க. எத்தனை வெள்ளிக்கிழமை அவன் எனக்காக நின்னுருக்கான்!" என்றான்.

மத வழிபாட்டுக்கே முதலிடம் என்பது மருத்துவமனையின் விதி. அதை மீறி மேலிடத்துக்குப் பதில் சொல்ல பேராச்சிக்குத் தெம்பில்லை. "செல்வின், நீ போய்ட்டு வா" என்றாள்.

செல்வின் போனான், பேசினான், சபையார் கண் கலங்கினார்கள். இங்கே பெரியவர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. எழில்வேந்தன் அவர் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யார் அழைத்தது என்று பேராச்சி கேட்கவில்லை.

தொழுகையை விட்டுக்கொடுத்தான் மைதீன். வாக்கைக் காப்பாற்றப் போனான் செல்வின். விதிப்படி அனுப்பினாள் பேராச்சி. கேட்டவர்களே, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மைதீன். செல்வின் கேட்டதில் பிழையில்லை. கொடுத்த வாக்கு அவனைப் பிடித்து இழுத்தது. பேராச்சி விதியைப் பார்த்தாள். நம்பிக்கை உள்ளவனைத் தடுக்காதே என்றுதான் விதி சொன்னது. நம்பிக்கை இல்லாதவனுக்கு வீடு வாசல் கிடையாது என்று சொல்லவில்லை. மைதீன் ஒருவன்தான் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான். அது போய்ச் சேர வேண்டியவனிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மறுவாரம் ட்யூட்டி போடும்போது பேராச்சி எழில்வேந்தனை முதலில் கூப்பிட்டு, "ஒனக்கு எந்த நாள் வேணும், சொல்லு" என்றாள்.

"அந்த நாள்தான் போயிருச்சே, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவன் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.