ஆணையர் வீட்டுக் கேரியர்

நகராட்சி ஆணையர் சந்திரசூடனுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே இல்லை. காய்கறிக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, பாட்டிலுக்கும் பேப்பருக்கும் நீலத் தொட்டி என்று வீட்டுக்கு வீடு கொடுத்தாயிற்று. ஆனாலும் ஊரில் ஒருத்தரும் குப்பையைப் பிரித்து வைப்பதில்லை. ஏன்?

"ஜனங்களுக்குச் சோம்பல்" என்றார்கள் அதிகாரிகள்.

அப்போது அஞ்சுகம் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆணையர் வீட்டிலிருந்து தினமும் அடுக்குக் கேரியரில் மதியச் சாப்பாடு எடுத்து வருகிறவள் அவள்தான்.

"நீ எந்தத் தெரு?"

"குளத்துமேட்டுத் தெருங்க ஐயா."

"அங்கதான் ரொம்ப மோசம். ஏன் பிரிக்க மாட்டேங்கிறீங்கன்னு நாளை மத்தியானத்துக்குள்ள எனக்கு விளங்க வைக்கணும். இல்லேன்னா உங்க தெருவுக்குக் குப்பை லாரியே வராது."

"வெச்சிடறேங்க ஐயா."

மறுநாள் கேரியருக்குப் பதிலாக மேஜைக்கு ஒரு தூக்குவாளி வந்தது. ஆணையர் திறந்தார். சாம்பாரும் பாயசமும் மோரும் ஒன்றாய்க் கலந்து, நடுவே அப்பளம் ஊறிக் கிடந்தது.

"என்ன இது?"

"உங்க சாப்பாடுங்க ஐயா. அம்மா அடுக்கடுக்கா தனித்தனியாத்தான் குடுத்தாங்க. வழியில நான்தான் ஒண்ணாக் கொட்டிட்டேன்."

"இதைப் பார்த்தா நாளைக்கு அவ தனித்தனியா வெச்சுக் குடுப்பாளா?"

"மாட்டாங்கதான். நாங்களும் முதல் வாரம் பிரிச்சுத்தாங்க வெச்சோம். லாரிக்காரர் ரெண்டு தொட்டியையும் ஒண்ணாக் கொட்டிக்கிட்டுப் போனாரு."

ஆணையர் வாளியை மெதுவாக மூடினார்.

அந்த வாரமே ஒவ்வொரு லாரிக்குள்ளும் நடுவில் தகரத் தடுப்பு ஏறியது. குளத்துமேட்டுத் தெருக்காரர்கள் லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியைக் கவிழ்த்தார்கள்.

ஆணையரும் அதற்குப்பின் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போனார்.