பலாமரப் பெட்டிக்குப் பல் முளைத்த கதை

அந்தக் காலத்தில், உரலும் உலக்கையும் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, பேச்சாயி வீட்டில் ஒரு பலாமரப் பெட்டி இருந்தது. அப்பப்பா, என்ன வாய் அதற்கு! விடிந்தால் உலக்கையோடு சண்டை, பொழுது சாய்ந்தால் ஊர்க்கதை. பொருள்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். மனுஷரைக் காயப்படுத்தினால் பேச்சும் அசைவும் அன்றோடு போய்விடும்.

பேச்சாயி விதைநெல்லை அதற்குள்தான் வைத்திருந்தாள். மூடியை மூன்று தட்டு தட்டி, "எடுத்துக்கவா?" என்பாள். "எடுத்துக்க தாயி" என்று அது தானே திறக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊரிலேயே மிஞ்சியது அந்த விதைநெல்தான். அதுவும் போனால் அடுத்த விளைச்சல் கிடையாது, பேச்சாயியின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கஞ்சி கிடையாது. எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான் கொள்ளைக்காரன் வல்லையன்.

"ஐயா, விதைநெல்லுய்யா! அதை மட்டும் விட்டுடுங்க" என்று காலில் விழுந்தாள் பேச்சாயி. அவளைத் தள்ளிவிட்டுப் பெட்டியிடம் போனான்.

"தட்டிக் கேளுய்யா" என்றது பெட்டி.

"மரக்கட்டைகிட்ட நான் கேக்கணுமா?" என்று சிரித்தபடி மூடியைத் தூக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டான்.

பெட்டி ஒரு கணம் யோசித்தது. "தாயி, நேத்துச் சண்டையில தப்பு என்னுதுதான்னு உலக்கைகிட்ட சொல்லிடு" என்றது. மூடி விளிம்பில் வரிசையாகப் பல் முளைத்தது. கடித்தது பாருங்கள், அப்படி ஒரு கடி! அலறிக்கொண்டு கையை உருவியவன் ஊர் எல்லை தாண்டியும் நிற்கவில்லை.

பேச்சாயி ஓடிவந்து தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதில் இல்லை. "என் சாமி, ஒரு வார்த்தை பேசேன்" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சேதியைக் கேட்ட உலக்கை, "சண்டை போட ஆளில்லாம எனக்கு எதுக்குப் பேச்சு?" என்று வாயை மூடிக்கொண்டது. அதைப் பார்த்து மற்றப் பொருள்களும் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன.

மழை வந்தது, நெல் விளைந்தது, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். பேச்சாயி மட்டும் ஒவ்வொரு முறையும் தட்டி, கேட்டு, கொஞ்சம் காத்திருந்துதான் மூடியைத் தூக்கினாள்.

இன்றைக்குப் பகடை உருட்டியும் கணினியிலும் கற்பனைக் குகைக்குள் நுழைந்து புதையல் தேடி விளையாடுகிற பிள்ளைகள், அந்த விளையாட்டில் ஆளைக் கடிக்கிற பெட்டிகளும் உண்டு என்பதால், பெட்டியைக் கண்டால் "ஐயோ, பல் இருக்கும்!" என்று கோலால் தட்டிப் பார்க்கிறார்களே, அந்தப் பழக்கம் அன்று தொடங்கியதுதான். இவர்கள் கடித்துவிடுமோ என்று தட்டுகிறார்கள். பேச்சாயி, பேசிவிடாதா என்று தட்டினாள்.