இறக்குகிற கால்

"இருபது நாளாச்சும்மா. ஒரு வேளை கூட விடல. வலி போகலையே" என்றார் ஆதிகேசவன்.

பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுப்பவர் அவர். முப்பது வருஷமாக முன்தண்டில் வலப்பக்கம் அவருடைய இடம். எட்டு மாதமாக இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய நரம்பு அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே உயிர் போய் உயிர் வரும்.

நிலோஃபருக்கு அவருடைய மகள் வயது. அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவள். பேச்சில் படு சிக்கனம். அவருக்குக் கொடுத்ததும் ஒரே ஒரு பயிற்சிதான். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எக்க வேண்டும். நோகிற காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும்.

"செஞ்சு காட்டுங்க."

மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கினார். இறங்கினார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பி கடகடத்தது.

"விழுந்துட்டீங்க."

"இல்லம்மா, நிக்கிறேனே."

"இன்னொரு தரம்."

மறுபடியும் கம்பி கடகடத்தது. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தாள்.

"வலது கால் எதுக்குக் கூட வருது?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அது எங்க வழக்கம்மா. தண்டுல ஒருத்தனுக்கு முடியலன்னா பக்கத்து ஆள் அவன் பாரத்தையும் வாங்கிப்பான். வெளிய காட்டிக்க மாட்டோம்."

நிலோஃபர் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள். இடது கால் இரண்டு விரற்கடை இளைத்திருந்தது.

"இந்தக் கால் எட்டு மாசமா பெருமாளைத் தூக்கவே இல்லையே, ஐயா."

ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது வாரம். அதுக்குள்ள சரியாகலன்னா குடை பிடிச்சுக்கோன்னு வரதப்பர் அண்ணன் சொல்லிட்டார். அவர்தான் எங்களுக்குத் தலைவர். குடை பிடிக்கிறதும் கைங்கரியம்தாம்மா, இல்லேங்கல. ஆனா எனக்கு அது தாங்காது."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"மண்டபத்துல பல்லக்கை எப்படி இறக்குவீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் முகம் தெளிந்தது. "அதுலதாம்மா எல்லாம் இருக்கு. தூக்குறதுக்குப் பலம் போதும். இறக்கும்போது பெருமாள் கழுத்து மாலை ஆடக் கூடாது. ஆடிச்சுன்னா வரதப்பர் அண்ணன் ஒரு வாரம் யார் மூஞ்சியையும் பார்க்க மாட்டார்."

நிலோஃபர் தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள்.

"இறக்குங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எக்கி நின்று, வலது காலைத் தூக்கிக்கொண்டார்.

இறக்கினார். பாதி வழியில் வலி பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தபடி மீதியையும் இறக்கினார். கம்பி சத்தம் போடவில்லை. அட்டை ஆடவில்லை.

"வலிக்குதும்மா."

"தாங்குற வலிதானே?"

யோசித்தார். "தாங்குற வலிதான்."

"இன்னும் பதினாலு."

அன்றிலிருந்து வீட்டில் பூட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் வாசற்படியில் நின்றார். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று மனைவி இரண்டு நாள் கவலைப்பட்டாள். மூன்றாம் நாள், சாவி வேண்டும்போது எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டாள். ஆறாவது வாரம் முதுகில் மணல் பை ஏறியது. சாவி ஆடவில்லை.

திருவிழா முதல் நாள் வரதப்பர் குடையோடுதான் காத்திருந்தார்.

"முதல் மண்டபம் வரைக்கும் விடுங்கண்ணே. மாலை ஆடிச்சுன்னா நானே வந்து குடையை வாங்கிக்கிறேன்."

வரதப்பர் குடையைத் தானே பிடித்துக்கொண்டு, பல்லக்குக்குப் பக்கத்திலேயே நடந்தார். அவர் கண் வழியெல்லாம் ஆதிகேசவனின் இடது காலில்தான் இருந்தது.

மண்டபம் வந்தது. மேளம் நின்றது. ஆட்கள் எல்லோரும் ஒரே மூச்சாகத் தாழ்ந்தார்கள். பக்கத்து ஆள் வழக்கம்போல ஆதிகேசவனின் பாரத்தையும் வாங்கிக்கொள்ளத் தோளை நகர்த்தினான். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

பல்லக்கு இறங்கி நின்றது. மாலை ஆடவில்லை.

வரதப்பர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வலி போயிடுச்சாடா?"

"போகலண்ணே. அதுவும் கூடத்தான் வந்துச்சு. சேத்து இறக்கிட்டேன்."