கீரை தின்று செத்தவர் எழுந்த கதை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. ராஜா சம்பந்தப்பட்ட விஷயம். அவரைக் குண்டு என்று சொல்லக் கூடாது, செழிப்பு என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி. கூடலையூர் மகாராஜா விக்கிரமச் சொக்கர் மிகவும் செழிப்பாக இருந்தார். எவ்வளவு செழிப்பு என்றால், அவர் வாசலுக்கு வந்தாலே பட்டத்து யானை போய்க் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

காரணம் அதிரசம். காலையில் அதிரசம், மத்தியானம் அதிரசம், ராத்திரி வயிறு சரியில்லை என்று நெய்யில் ஊறிய அதிரசம்.

வைத்தியர் நாடி பார்த்துவிட்டுக் கையை உதறினார். "இனிமேல் வீட்டுச் சாப்பாடு. சோறு கொஞ்சம், கீரை, காய், பருப்பு, மோர், ஒரு பழம். எல்லாம் அளவோடு." ராணி அழுதார். அப்படியே சாப்பிடுவதாக ராஜா ராணியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். "செங்கமலம் தினமும் தன் வீட்டில் சமைப்பது போலச் சமைக்கட்டும்" என்று ராணி என்னை அடுக்களைக்கு வரவழைத்தார். செங்கமலம் நான்தான், அரண்மனைக்குக் கீரை கொண்டுவருகிறவள்.

போகும்போதே எனக்கு ஒரு பயம். அரண்மனையில் முதல்வாய்க்காரர் என்று ஒருவர் உண்டு. பெயர் இருளாண்டி. ராஜாவுக்கு வைக்கும் எதையும் முதலில் ஒரு வாய் அவர் தின்று பார்ப்பார். அவர் விழுந்தால் அது விஷம். அந்த விஷத்தை வைத்தவர் அகழி முதலைக்கு. அதுதான் சட்டம்.

முதல் நாள் முளைக்கீரை மசியலும் பூசணிக்காய்க் கூட்டும் பருப்பும் செய்து, மோரோடு சபைக்கே கொண்டுபோய் ராஜாவுக்கு இலை போட்டு வைத்தேன். உப்பு சரியா என்று நாலு தரம் பார்த்தேன். இருளாண்டி கீரையை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஐயோ!" என்று சாய்ந்தார். சாய்வதற்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றித் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டார்.

ராஜா குதித்தார். "இருளாண்டி! செத்துவிட்டாயா?"

"ஆமாம் மகாராஜா."

"பார்த்தீர்களா! கீரையில் விஷம்! சத்தியம் செய்தது சாப்பாட்டுக்கு, விஷத்துக்கு இல்லை. கொண்டுவாருங்கள் அதிரசத்தை!"

நான் காலில் விழுந்தேன். "மகாராஜா, எங்கள் வீட்டில் நேற்றும் இதே கீரைதான். எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், சண்டைகூடப் போட்டார்கள்!"

ராஜா என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் வருத்தம்தான் அம்மா. சட்டம் இருக்கிறதே, நான் என்ன செய்வேன்?"

காவலாளிகள் என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டார்கள். முதலை சைவமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அப்போதுதான் ஆமருவியார் உள்ளே வந்தார். சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை.

"என்ன அக்கா, அடுக்களை வாசனை ஊரைக் கூட்டுகிறது?" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கீரையைப் போட்டுப் பிசைந்தார். நான் கத்துவதற்குள் முழுங்கிவிட்டார். பிறகு கூட்டு. பிறகு பருப்பு. மோரை ஊற்றி இலையையும் வழித்தார்.

"ஆமருவி! அது விஷம்!" என்றார் ராஜா.

"கொஞ்சம் பெருங்காயம் தூக்கல், அவ்வளவுதான்." ஏப்பம் விட்டார். எல்லாரும் காத்திருந்தோம். அவர் விழவில்லை. இன்னொரு கரண்டி கூட்டு கேட்டார்.

"அப்படியென்றால் இருளாண்டி எப்படிச் செத்தான்?" ராஜா திணறினார்.

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்." ஆமருவியார் குனிந்து பிணத்தின் மீசையைத் தொட்டார். "பிசுபிசு என்கிறதே. வெல்லப்பாகு! இருளாண்டி அண்ணே, கீரைக்கு முன்னால் என்ன தின்றீர்?"

"அதிரசம்" என்றது பிணம்.

"கீரையைத் தின்ற நான் இருக்கிறேன். அதிரசத்தைத் தின்றவர் போய்விட்டார். ஆக, விஷம் அதிரசத்தில்! மகாராஜா, அரண்மனையில் உள்ள அதிரசம் பூராவையும் இன்றே குழி வெட்டிப் புதைக்க வேண்டும்."

"பூராவையுமா?" ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு அதிரசம் கொடுத்த ஆளை முதலைக்குப் போட வேண்டும். அண்ணே, யார் கொடுத்தது?"

பிணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அந்தக் கண் மெல்ல உருண்டு ராஜாவிடம் போய் நின்றது. காவலாளிகள் என் கைகளை விட்டுவிட்டு, இப்போது யாரைப் பிடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ராஜாவுக்கு வேர்த்தது. "ஆமருவி, வேறு வழி இல்லையா?"

"உண்டு மகாராஜா. இருளாண்டி சாகவே இல்லை என்றால் விஷமும் இல்லை, வழக்கும் இல்லை."

"அடேய், எழுந்திரு!"

"எழுந்தால் வாங்கின அதிரசத்தைத் திருப்பித் தரணுமா மகாராஜா?"

"வேண்டாம், எழுந்து தொலை!"

இருளாண்டி எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். ராஜா தலை குனிந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டியில் மிச்சம் இருந்ததைப் பரிமாறினேன். முதல் கவளத்தை மருந்து போல விழுங்கினார். இரண்டாவதை மென்றார். மூன்றாவதற்குப் பிறகு, "அம்மா, அந்தப் பூசணிக்காயில் இன்னும் கொஞ்சம்" என்றார். முடித்ததும் வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். "உன்னை அநியாயமாகப் பயமுறுத்திவிட்டேன். என்ன வேண்டும், கேள். இனி எனக்குத் தினமும் நீதான் சமைக்க வேண்டும்."

தினமுமா! எனக்கு மறுபடியும் அகழி முதலை ஞாபகம் வந்தது.

"மகாராஜா, நாளையிலிருந்து முதல் வாயை நீங்கள் சாப்பிடுங்கள். இருளாண்டி அண்ணன் உங்களுக்குப் பிறகு சாப்பிடட்டும்."

"ஏன் அப்படி?"

"அவர் விழுந்தால் நீங்கள் என்னை முதலைக்குப் போடச் சொல்வீர்கள். நீங்கள் விழுந்தால், யார் சொல்வார்கள்?"

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். இடுப்புக் கச்சை அறுந்து தூணில் போய் விழுகிற வரைக்கும் சிரித்தார். அவர் சிரிப்பு ஓய்வதற்குள் ஆமருவியாரை ஆணை எழுத வைத்து, சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்த ராஜாவின் கையைப் பிடித்து நானே முத்திரையைப் பதித்துக்கொண்டேன்.