பக்கத் துளிர்

வைரவனுக்கு அறுபத்துநாலு வயது. மடத்துக்குச் சீடராக வந்ததே ஐம்பதைத் தாண்டித்தான். குரு ஞானாம்பிகை அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஆடி மாதம் வைரவனை வாதம் அடித்தது. நாக்கை விட்டது, காலை விட்டது, சோற்றுக் கையைப் பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன வாதத்துக்கு வேறு இடமா கிடைக்கவில்லை!

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஊட்டிவிட வந்தவர்களையும் விரட்டிவிட்டார். நாலு மாதமாக டம்ளரில் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் பொங்கலைப் பார்க்க மாட்டார் என்று மடத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் குருவிடம் கேட்டார்.

"அம்மா, என் கை திரும்ப வருமா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"செத்த நரம்பு செத்ததுதானாம். பக்கத்து நரம்பு வேணும்னா மரம் மாதிரி புதுசா கிளை விடுமாம்."

"சரி."

வைரவன் கொஞ்சம் தயங்கினார். "கொல்லையில முருங்கை காத்துல முறிஞ்சுதுல்ல? அது துளிர்த்தா என் கையும் வரும்னு மனசுக்குள்ள சகுனம் வச்சுக்கிட்டேன். முறிஞ்ச இடத்துல சாணி அப்பி, தினமும் தண்ணி ஊத்தறேன்."

குரு எழுந்து கொல்லைக்குப் போனார். வைரவனும் பின்னாலேயே போனார். மரத்தின் பக்கவாட்டிலெல்லாம் சின்னச் சின்னத் தழும்புகள்.

"இதெல்லாம் என்ன?"

"பக்கத்துல கண்ட இடத்துல துளிர் விட்டுச்சு. விட விடக் கிள்ளிட்டேன். முறிஞ்ச இடத்துலதானேம்மா வரணும்?"

வேலிக்கு நட்ட கொம்பே துளிர்க்கிற சாதி முருங்கை. அதைச் சாகடிக்க மெனக்கெட வேண்டும். குரு பட்டையை நகத்தால் சுரண்டினார். துளிப் பச்சை இல்லை. இன்னும் கீழே சுரண்டினார். அங்கேயும் இல்லை.

வைரவன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, போச்சே! என் கையும் போச்சே!" என்று வாய்விட்டு அழுதார்.

மதியம் குரு அவருக்கு இலை போட்டு, தானே சோறு பரிமாறினார்.

"சாப்பிடுங்க."

"எப்படிம்மா? இடது கையால சோத்தைத் தொடறதா? உடம்பெல்லாம் கூசுது."

"துளிரை எந்தக் கையால கிள்ளினீங்க?"

வைரவன் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார்.

"இதாலதான்."

"அப்போ கூசலையா?"