கொண்டலாத்தி வாங்கிய பட்டம்

பறவைகள் எல்லாம் நம்மைப்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொண்டலாத்திகளுக்குத் தலையில் கொண்டை கிடையாது. ஈர மண்ணில் நீண்ட அலகை விட்டுப் புழு எடுப்பார்கள், தின்பார்கள், தூங்குவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

குறை, மயிலார் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் வந்தது. ஆற்றங்கரையில் அவர் காற்றுகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். தப்பில்லாமல் ஒப்பித்தவர்களுக்குக் கறுப்பு முனை வைத்த இறகுகளால் விசிறிபோல ஒரு கொண்டை செய்து தலையில் சூட்டினார். அதுதான் பட்டம். கொண்டலாத்திக் குலத்தில் முதன்முதலாக அதை வாங்கியவன் கூவலன். அவன் கொண்டையோடு வீடு திரும்பிய அன்று அவனுடைய அம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

கூவலனுக்குச் செவ்வந்தி மேல் வெகு நாளாக ஆசை. "புழு பிடிக்கிற பயலுக்கா என் பொண்ணைக் கொடுப்பேன்?" என்று அவளுடைய அப்பா முன்பு விரட்டியிருந்தார். அப்போது அவர் வாயிலும் ஒரு புழு இருந்தது என்பது வேறு விஷயம். கொண்டையைப் பார்த்ததும் அவரே தேடி வந்து, "எங்க மாப்பிள்ளை பட்டதாரி!" என்று காடெல்லாம் சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார்.

கல்யாணமாகி, செவ்வந்தி வேப்பமரப் பொந்தில் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தாள். முட்டை பொரியும்வரை பெண் பொந்தை விட்டு இறங்கக் கூடாது, புருஷன்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இது அவர்கள் வழக்கம்.

கூவலன் பருந்து ராஜாவின் சபைக்குப் போய் உத்தியோகம் கேட்டான். "காற்றின் பெயரெல்லாம் தெரியுமா? ரொம்ப நல்லது. இடம் காலியானால் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அவனும் கொண்டையை விரித்துக்கொண்டு கிளையில் காத்திருந்தான். ஆள் வந்தபாடில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கீழே இறங்கி மண்ணில் அலகை விட்டான். கொழுத்த புழு ஒன்று அகப்பட்டது. அதற்குள் மேலேயிருந்து மைனாவின் குரல் கேட்டது.

"என்ன பட்டதாரி, மண்ணைக் கிளறுறீங்க? இதுக்கா அவ்வளவு படிச்சீங்க?"

கூவலனுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இல்லையில்லை, மண்ணை ஆராய்ச்சி பண்றேன்" என்று புழுவைக் கீழே விட்டான். உயிர் பிழைத்த புழு, படிப்பை வாழ்த்திக்கொண்டே மண்ணுக்குள் போனது.

வெறும் வாயோடு வந்தவனைச் செவ்வந்தி பொந்திலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டினியில் அவள் கழுத்து மெலிந்து போயிருந்தது.

"என்னங்க, இனிமே என்னால முடியாது. பசி தாங்காம நான் இறங்கிட்டா முட்டை ஆறிப்போயிடும். நம்ம பிள்ளைங்க கண்ணே திறக்காது."

"நான் என்ன செய்யட்டும் செவ்வந்தி? கொண்டையோட மண்ணைக் கிளறினா ஊரே சிரிக்குது. உங்கப்பா காதுக்குப் போனா அவ்வளவுதான்."

"கொண்டையைப் பார்த்துத்தானே சிரிக்கிறாங்க?"

"பிடுங்கிப் போடச் சொல்றியா?" கூவலன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "எங்கம்மா இதைப் பார்த்து அழுதா, தெரியுமா?"

"யாரு பிடுங்கச் சொன்னா? எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். குனிங்க."

அவன் குனிந்தான். செவ்வந்தி அலகால் அந்தக் கொண்டையை மெல்ல நீவி, இறகு இறகாகப் பின்பக்கம் மடித்துவிட்டாள். அதுவரை காட்டில் யாரும் பட்டத்தை மடித்ததில்லை. மடிக்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

கூவலன் பயந்துகொண்டே கீழே இறங்கினான். மைனா பார்த்தது. யாரோ ஒரு குருவி புழு பிடிக்கிறது என்று நினைத்துத் திரும்பிக்கொண்டது. கூவலன் பறந்து பறந்து ஊட்டினான். செவ்வந்தி வயிறு நிறையத் தின்று, நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

முட்டைகள் பொரிந்த அன்று மாமனார் வந்தார். தூரத்தில் அவரைக் கண்டதுமே கூவலன் கொண்டையைச் சட்டென்று விரித்தான். பொந்துக்குள் கொழுகொழு குஞ்சுகள் கத்துவதைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"உத்தியோகம் கிடைச்சுடுச்சா மாப்பிள்ளை?"

"கிடைச்சுது மாமா. அலைச்சல்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"பின்னே? பெரிய உத்தியோகம்னா அலைச்சல் இருக்காதா?" என்று அவர் பூரித்துப்போய், அதைச் சொல்லக் காடு முழுக்கப் பறந்தார். அவர் தலை மறைந்ததும் கூவலன் கொண்டையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினான். மேலே குஞ்சுகளுக்குப் பசி.

பருந்து ராஜாவின் சபையிலிருந்து இன்றுவரை ஆள் வரவில்லை. அன்று தொடங்கிய பழக்கம்தான், கொண்டலாத்தி எங்கே வந்து இறங்கினாலும் முதலில் கொண்டையை விரித்து நாலு பக்கமும் பார்க்கும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், மடித்துக்கொண்டு மண்ணைக் கிளறும்.